தடித்த அச்செழுத்தின் வடிவும் பயனும்: கள்ளக்குறிச்சி, கல்வராயன்மலை ஊர்ப்பெயர்களை உரைகல்லாகக் கொண்ட ஓர் ஆய்வு

எழுத்தினை ஒலிவடிவு என்றும் வரிவடிவு என்றும் இரு கூறாகப் பகுத்துக் காண்பது இலக்கண நூலார் மரபு. ஒலிவடிவினைப் பற்றித் தமிழில் நிகழ்ந்துள்ள ஆராய்ச்சி மிகப் பரந்தது. வரிவடிவின் வரலாற்றினையும் கல்வெட்டறிஞர் விரிவாக விளக்கியுள்ளனர். ஆயின், நாம் நாள்தோறும் பயிலும் எழுத்துக் கல்லெழுத்தும் அன்று, ஓலையெழுத்தும் அன்று, அச்செழுத்தே ஆகும். அவ்வச்செழுத்தின் அமைப்பினை, சிறப்பாகத் தடித்த எழுத்து என வழங்கும் வகையின் இயல்பினை, இலக்கணக் கண்கொண்டு நோக்கிய தமிழ்ப்புலவர் மிகச் சிலரே. அச்சுக்கூடத்தார் அறிந்துகொள்ள வேண்டிய தொழிற்செய்தி என அதனை ஒதுக்கிவிட்டனர் போலும். அஃது ஒதுக்கற்பாலதன்று. குறில் நெடில் வேறுபாடு, மெய் உயிர்மெய் வேறுபாடு ஆகிய எழுத்திலக்கணத்தின் அடிப்படைகளே தடித்த எழுத்தில் ஊறுபடக் கூடும் என்பதனை ஈண்டு விளக்கப் புகுகின்றேன்.

ஆய்வுக்கு உரைகல்லாகக் கள்ளக்குறிச்சி மாவட்டத்து ஊர்ப்பெயர்களை எடுத்துக்கொள்கின்றேன். இம்மாவட்டம் 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் விழுப்புரத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அதனால் இதன் பெயர் பெயர்ப்பலகைகளிலும் அறிவிப்புகளிலும் புதிதாக, பெரும்பாலும் தடித்த எழுத்தில், இடம்பெறலாயிற்று. மற்றொரு காரணமும் உண்டு. கள்ளக்குறிச்சி, கல்வராயன்மலை, வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு, திருக்கோவலூர் என்னும் இப்பெயர்கள், தமிழ் எழுத்தின் இடர்ப்பாடுகளையெல்லாம் தம்முள் அடக்கியிருக்கின்றன. எழுத்தமைப்போன் ஒருவன் தன் எழுத்தினைச் சோதித்துப் பார்க்க வேறு சொற்றொடர் புனைய வேண்டுவதின்று. இவ்வேழு பெயர்களே சாலும்.

முதற்கண் மேலைநாட்டு வழக்கினைச் சிறிது நோக்குதல் வேண்டும். உரோமானிய எழுத்தில் கோடு முடியுமிடத்தில் குறுக்கே சிறு கட்டை போன்றதோர் உறுப்பு அமைவதுண்டு. அதனைச் ‘செரிப்’ என்பர். ஈண்டு ‘முனைக்கட்டு’ என வழங்குவோம். உரோமாபுரியில் கி. பி. 113-இல் எழுப்பப்பட்ட டிராஜன் தூணின் கல்வெட்டில் இவ்வுறுப்பு நிறைவடைந்த நிலையிற் காணப்படுகின்றது. உளியின் செயலால் தோன்றியது என்பாரும், கல்லில் முன்னர்த் தூரிகையால் எழுதிக்கொண்ட வழக்கினால் தோன்றியது என்பாரும் உளர். எங்ஙனம் தோன்றினும், அஃது எழுத்தின் பொருளை மாற்றுவதன்று. முனைக்கட்டு உள்ள எழுத்தும் இல்லாத எழுத்தும் ஒரே எழுத்தே. வரியினை ஒழுங்குபடுத்திக் கண்ணுக்குப் பிடிமானம் தருதலே அதன் தொழில்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் விளம்பரத் தாள்கள் மலிந்தன. அவற்றின் பொருட்டு மிகப் பருத்த எழுத்துகள் வார்க்கப்பட்டன. அவை கூவி அழைக்கும் எழுத்துகளே அன்றி நூலுக்குள் அமர்ந்து பணிபுரியும் எழுத்துகள் அல்ல. 1845-இல் இலண்டன் பான் தெரு வார்ப்படசாலையில் இராபர்ட் பெசுலி வெளியிட்ட ‘கிளாரண்டன்’ என்னும் எழுத்து இந்நிலையினை மாற்றிற்று. அதற்குரிய அச்சுமுனைகளை வெட்டியவர் பெஞ்சமின் பாக்சு. முனைக்கட்டு வளைவாகத் தண்டோடு இணைதலும், தடிப்பு மெலிவு வேறுபாடு மிகாதிருத்தலும், இயல்பான எழுத்தோடு ஒரே வரியில் நின்று அதனின் வேறாகத் தோன்றுதலும் இதன் சிறப்புகள். ஆக்சுபோர்டு ஆங்கில அகராதி 1884-இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கியபோது, அதன் தலைச்சொற்களுக்கு இவ்வகை எழுத்தே கொள்ளப்பட்டது. தடித்த எழுத்துச் சந்தையை விட்டு அகராதிக்குட் புகுந்தது எனலாம்.

இனித் தமிழுக்கு வருவோம். தமிழ் எழுத்திற்கு முனைக்கட்டு உண்டா என்னும் வினா எழுகின்றது. திருக்கோவலூர்ப் பகுதியைச் சேர்ந்த சம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி பாழி அளித்த செய்தியைத் தமிழிப் பிராமி வரிவடிவிற் கூறுவது. அதன் கோடுகள் ஏறத்தாழ ஒரே பருமையுடையன, முனைக்கட்டு இல. ஓலையில் எழுத்தாணி கீறும் கோடும் அத்தகையதே. எனவே, தடிப்பும் மெலிவும் மாறி மாறி வருதல் நம் எழுத்துக்கு இறகுப் பேனாவும் அச்சும் தந்த அணி என்று கொள்ளுதல் பொருந்தும். இதனாற் குறையொன்றும் இல்லை. அணி இயல்போடு பொருந்தின் ஏற்கத் தக்கதே. பொருந்துகின்றதா என்பதே ஆராயத்தக்கது.

‘கல்வராயன்’ என்னும் பெயரை நோக்குக. இதன்கண் ரகரமும் அதனையடுத்து ஆகாரத்தைக் குறிக்கும் காலும் அருகருகே நிற்கின்றன. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு யாது? ரகரத்தின் அடியிற் சாய்ந்து இறங்கும் ஒரு சிறு கீற்று மட்டுமே. ஓலைச்சுவடிகளில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே வடிவின. படிப்போர் இடம் நோக்கி உணர்ந்துகொண்டனர். சுவடி பார்த்துப் பதிப்பித்தோர் இதனால் உற்ற இடர்ப்பாடு நாம் அறிந்ததே. அச்சில் அக்கீற்று நிலைபெற்றமையால் ஐயம் நீங்கிற்று. ஆகவே, உரோமானிய எழுத்தில் வெறும் அணியாக நிற்கும் அடிமுனை உறுப்பு, தமிழில் ஓர் எழுத்தினை மற்றோர் எழுத்தினின்றும் பிரித்துக் காட்டும் உறுப்பாக நிற்கின்றது. ஆங்கிலத் தடித்த எழுத்தின் அழகில் மயங்கி, எல்லாத் தண்டுகளுக்கும் அடியில் முனைக்கட்டு அமைப்பானாயின், காலும் ரகரம் போலத் தோன்றும். அணி என நீக்குவானாயின், ரகரம் காலாகிவிடும். இவ்விடத்தில் எழுத்தமைப்போனுக்கு உள்ள உரிமை மிகச் சிறிது. விளம்பரங்களுக்கெனப் புனையப்பட்ட சில தமிழ் எழுத்து வகைகளில் இம்மயக்கத்தைக் காணலாம். அழகெனக் கருதிச் செய்தது பிழையாய் முடிந்திருக்கின்றது.

‘கரியாலூர்’ என்பது இதனினும் கடிய சோதனை. பழைய அச்சு நூல்கள் பலவற்றில், இன்றும் சில எழுத்து வகைகளில், ரகர மெய்யும் ‘ரி’ என்பதும் அடிக்கீற்று இன்றியே அமைகின்றன. காலின்மேற் புள்ளியிட்டால் ரகர மெய். காலோடு இகரக் கொக்கி சேர்ந்தால் ‘ரி’. அவ்வாறாயின் இப்பெயரின் இறுதியெழுத்தினை ரகர மெய் என்று காட்டுவது அதன் தலைமேல் உள்ள புள்ளியொன்றே. தடித்த எழுத்தில் அப்புள்ளி தண்டோடு ஒட்டிவிடுமாயின், ஊர்ப்பெயர் பொருளற்ற நெட்டுயிர்க்குறியொன்றில் முடியும். திருக்கோவலூர் என்பதும் இவ்விடர்க்கு உட்பட்டதே.

புள்ளியைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுதல் தகும். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்றும், எகர ஒகரங்களும் அத்தன்மையன என்றும் தொல்காப்பியர் நூன்மரபில் விதித்தார். இலக்கணத்தில் இத்துணைப் பழமை வாய்ந்த அவ்விதி, ஓலையில் நெடுங்காலம் கைவிடப்பட்டிருந்தது. புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். புள்ளி தவறாது இடப்பெறும் நிலையினை நமக்கு உறுதிசெய்தது அச்சே. அங்ஙனமாக, அச்சின் ஒரு வகையே அதனை மீண்டும் பறிக்குமாயின் அது பெரிதும் இரங்கத்தக்கது. ‘கள்ளக்குறிச்சி’ என்பதில் எட்டு எழுத்துகள். அவற்றுள் மூன்று மெய்கள். ஒவ்வொரு மெய்யும் தன் இனமான உயிர்மெய்யோடு இரட்டித்து நிற்கின்றது. எனவே அடுத்தடுத்து நிற்கும் இரு வடிவங்களுள் மெய் எது, உயிர்மெய் எது என்பதனைப் புள்ளியன்றிப் பிறிதொன்று காட்டுவதில்லை. தடித்த எழுத்தினை அமைப்போர் கோட்டின் பருமையை இருமடங்காக்கும்போது புள்ளியையும் பெரிதாக்குகின்றனர். ஆனால் புள்ளிக்கும் எழுத்தின் தலைக்கோட்டிற்கும் இடைப்பட்ட வெளியைப் பெருக்குவதில்லை. வரியின் உயரம் அதற்கு இடந்தருவதும் இல்லை. ககரமும் சகரமும் தலையில் கிடைக்கோடு உடையன. பருத்த புள்ளி அக்கோட்டின்மேல் அமர்ந்துவிடுகின்றது. மை பரவும் மலிந்த தாளாயின் இரண்டும் ஒன்றாகும். புள்ளியைப் பெரிதாக்குவதினும் விலக்கி வைப்பதே முதற்கடமை. இதனை அறிந்து செய்யப்பட்ட தமிழ்த் தடித்த எழுத்துகள் மிகுதியாக இல்லை.

அடுத்து உள்வெளி. கோட்டினால் சூழப்பட்ட வெற்றிடத்தினை இவ்வாறு குறிப்போம். எழுத்தைக் கண் அறிவது கோட்டினால் மட்டும் அன்று, உள்வெளியினாலும் ஆம். ஒரு கணக்காகக் கொள்வோம். பகரத்தின் அகலம் பத்துக் கூறு; அதன் நிமிர்கோடுகள் இரண்டும் ஒவ்வொரு கூறு பருமையுடையன; உள்வெளி எட்டுக் கூறு. கோடு இருமடங்காயின் உள்வெளி ஆறாகும். காற்பங்கு குறைந்ததேயன்றிக் கேடு இல்லை. மூன்று சுழி ணகரத்தினைக் கருதுக. அதன் அகலம் பன்னிரண்டு கூறு எனவும், கோடு நான்கு முறை மேலுங்கீழும் செல்கின்றது எனவும் வைத்துக்கொள்வோம். எஞ்சிய எட்டுக் கூறும் மூன்று உள்வெளிகளுக்குப் பங்காகும். கோடு இருமடங்காயின் எஞ்சுவது நான்கே. உள்வெளி ஒவ்வொன்றும் பாதியாகச் சுருங்கும். ஆகத் தடிப்பு எல்லா எழுத்தினையும் ஒருபடியாகத் தாக்குவதில்லை. பகரமும் டகரமும் எத்துணைத் தடித்தாலும் பகரமும் டகரமுமே. ணகரமும், ஞகரமும், இகரமும், ஐகாரமும், ‘லூ’ போன்ற ஊகார உயிர்மெய்களும் முதலிற் கறுத்துப் போகின்றன. மூன்று சுழிக்கும் இரண்டு சுழிக்கும் இடையே கண் எண்ணிப் பார்க்கவியலாத நிலை தோன்றின், மணமும் மனமும் ஒன்றாகும். ‘வெள்ளிமலை’யின் ஒற்றைக் கொம்பும் ‘சேராப்பட்டி’ன் இரட்டைக் கொம்பும், சுழியில் மையடைந்தால், வேறு பிரித்தறிய வாராமல் மயங்கும். எகர ஏகார வேறுபாட்டினைக் கொம்பிலேயே காட்டிய திருத்தத்தினை வீரமாமுனிவர்க்கு உரியதாகக் கூறுவர். அத்திருத்தம் முழுவதும் ஒரு சிறு சுழியின் உள்வெளியிலேதான் தங்கியிருக்கின்றது.

இக்கருத்துக்கு மாறாக ஒன்று கூறப்படலாம். சூழல் நோக்கி உணர்ந்துகொள்வர். ஓலையில் உணர்ந்துகொள்ளவில்லையா என்பதே அது. ஓலை படித்தோர் முன்னரே பாடம் கேட்டவர். நூலை நெட்டுருச் செய்தவர். அச்சு நூலின் வாசகர் அத்தகையர் அல்லர். ஊர்ப்பெயருக்கோ சூழல் என்பதே இல்லை.

தமிழ் அச்செழுத்தின் வரலாறும் இவ்வுள்வெளிச் சிக்கலின் வரலாறாகவே தோன்றுகின்றது. 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிடப்பட்ட பின், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு முயற்சியால் மீண்டும் தமிழ் அச்சு தழைத்தது. செருமனியின் ஆலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட எழுத்துகள் மிகப் பெரியனவாய் இருந்தன. தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆதலின் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டு புதிய ஏற்பாட்டினை 1715-இல் முடித்தனர். சிறிதாக்கினால் தாள் மிஞ்சும், உள்வெளி அடையும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட போராட்டம் சென்னை அமெரிக்க மிஷன் அச்சுக்கூடத்தில் அண்ட் என்பார் செய்த எழுத்துகளில் பெரிதும் அமைதியுற்றது. 1862-இல் வெளிவந்த வின்சுலோ அகராதியைப் புரட்டுவோர், சிற்றெழுத்தும் தெளிவாயிருத்தல் கூடும் என்பதனைக் காண்பர்.

இவ்வரலாற்றின் மறுபுறத்தில் நிற்பன ‘பெரிய எழுத்து’ நூல்கள். விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள் கதை முதலியவற்றைச் சென்னையில் இரத்தின நாயகர், ஆர். ஜி. பதி முதலிய பதிப்பகத்தார் இப்பெயரிட்டே வெளியிட்டனர். முகப்பிலேயே எழுத்தின் அளவினை விளம்பரம் செய்த நூல் வகை பிறமொழிகளில் எத்துணை உண்டோ, அறிந்தோர் ஆராய்க. கற்றோர் இவற்றைப் பொருட்படுத்தவில்லை. ஆயின் கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழாவும், சுற்றுப்புறச் சிற்றூர்களில் பாரதம் படித்தலும் தெருக்கூத்தும் நிலைபெற்றுள்ள இந்நிலப்பகுதியில், கதையைக் கூட்டத்தில் உரக்கப் படிப்போருக்கு எத்தகைய எழுத்து வேண்டும் என்பதனை அப்பதிப்பகத்தார் நம்மினும் நன்கு அறிந்திருந்தனர். விளக்கொளியில், சற்றுத் தொலைவில் வைத்து, ஒருவர் படிக்கப் பலர் கேட்பதற்கு உரியது பெரிய எழுத்து. அவர்கள் இட்ட பெயரையும் நோக்குக: ‘தடித்த எழுத்து’ என்றிலர். பெரிதாக்கும்போது கோட்டோடு உள்வெளியும் வளர்கின்றது; தடிப்பாக்கும்போது கோடு வளர்ந்து உள்வெளி தேய்கின்றது. இவ்விரண்டும் ஒன்றே என எண்ணுதல் இன்று கற்றோரிடையும் காணப்படும் பிழை.

தடித்த எழுத்து வேண்டா என்பது என் கருத்தன்று. அதற்குரிய இடத்தில் அஃது இன்றியமையாதது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. 1939-இல் பின்னிணைப்பும் சேர்ந்தது. முதல் ஆறு தொகுதிகளில் மட்டும் 1,04,405 சொற்கள் உள. அதன் ஒரு பத்தியில் தமிழ்த் தலைச்சொல், உரோமானிய எழுத்துப்பெயர்ப்பு, இலக்கணக் குறிப்பு, ஆங்கிலப் பொருள், தமிழ்ப் பொருள், மேற்கோள் என எத்தனையோ கூறுகள் நெருங்கி நிற்கின்றன. இந்நெரிசலில் தலைச்சொல்லைத் தடித்த எழுத்தில் அமைத்திராவிடின், வேண்டிய சொல்லைக் கண் தேடிக் களைத்துப்போம். ஈண்டுத் தடிப்பு அளவோடு நிற்கின்றது. ஒரு பத்திக்கு ஒருமுறையே வருகின்றது. அதன் பொருளும் ஒன்றே. தமிழில் தடித்த எழுத்தினைக் கையாளக் கற்க விரும்புவோர்க்கு இதனினும் சிறந்த பாடநூல் இல்லை.

இதனோடு இக்கால ஆய்வேடுகளை ஒப்பிடுக. இயல் தலைப்பு, உட்தலைப்பு, நூற்பெயர், ஆசிரியர் பெயர், மேற்கோள் செய்யுள், கலைச்சொல், ஆய்வாளர் வற்புறுத்த விரும்பும் கருத்து ஆகிய அனைத்தும் தடித்த எழுத்தில் நிற்கின்றன. ஒரு பக்கத்தில் பாதி தடித்தால் எஞ்சிய பாதியே கண்ணில் படும்! இதற்கு மாணாக்கரை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. ஆங்கிலத்தில் பேரெழுத்து உண்டு, சாய்வெழுத்து உண்டு, தடித்த எழுத்தும் உண்டு. வற்புறுத்தும் வேலையை அவை பங்கிட்டுக்கொள்கின்றன. தமிழில் பேரெழுத்து இல்லை. சாய்வெழுத்து நம் எழுத்தின் இயல்பில் தோன்றியதன்று. வளைவுகளைச் சாய்த்தால் அவை தள்ளாடி நிற்கின்றன. ஆதலின் சுமை முழுவதும் தடித்த எழுத்தின் தலையில் விழுகின்றது.

ஆயினும் நம் உரையாசிரியர் இச்சுமையை வேறொரு வகையால் இறக்கி வைத்திருந்தனர் என்பதனை மறத்தலாகாது. பரிமேலழகரும் நச்சினார்க்கினியரும் மூலத்தையும் உரையையும் பிரித்துக் காட்டத் தடிப்பினையோ மெலிவினையோ நாடிற்றிலர். ஓலையில் அதற்கு வழியும் இல்லை. ‘என்பது’, ‘என்றவாறு’, ‘என்க’, ‘எனவே’ என்னும் சொற்களாலேயே மேற்கோளின் எல்லை, முடிபு, துணிபு ஆகியவற்றை வரையறுத்தனர். எழுத்தின் பருமை செய்ய வேண்டியதை வாக்கியத்தின் அமைதி செய்தது. அச்சு வந்த பின்னர் உ. வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர் மூலத்தினைப் பெரிய எழுத்திலும் உரையினைச் சிறிய எழுத்திலும் அமைத்தனர். அங்கும் வேறுபாடு அளவினாலேயே பெறப்பட்டது. ‘எனவே’ என்பதொன்றால் முடியும் வேலைக்கு ஒரு வரி முழுவதையும் கறுப்பாக்குதல் உரைநடையின் தளர்ச்சியைக் காட்டுவதாகவே எனக்குத் தோன்றுகின்றது.

பதிப்புப் பணியில் ஈடுபடுவோர் மற்றொன்றும் கருதல் வேண்டும். 1978-இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன், ணா, றா, னா முதலிய ஒன்பதும், ணை, லை, ளை, னை என்னும் நான்குமாகப் பதின்மூன்று எழுத்துகள் தனி வடிவம் பெற்றிருந்தன. ‘வெள்ளிமலை’, ‘கல்வராயன்மலை’ என்பவற்றின் லைகாரம் தலையில் துதிக்கை போன்ற வளைவோடும், ‘இன்னாடு’ என்பதன் னாகாரம் அடியில் வளைந்த சுழியோடும் அச்சேறின. இவ்வடிவங்கள் தடித்த எழுத்தில் மிகவும் நெரிந்து நிற்பவை. பழைய நூல்களை ஒளிப்படி எடுத்து மீண்டும் அச்சிடும்போது, அல்லது கணிப்பொறியைக் கொண்டு எழுத்துணரச் செய்யும்போது, தடித்த தலைப்புகளிலேயே பிழை மிகுதியாக நேர்கின்றமைக்கு இதுவும் ஒரு காரணம். மெய்ப்புத் திருத்துவோர் பெரும்பாலும் தலைப்பினைக் கண்ணோட்டமாக விட்டுவிடுகின்றனர். பிழை அங்கேயே தங்குகின்றது.

கணிப்பொறி வேறோர் இடரையும் கொணர்ந்தது. ஈய எழுத்துக் காலத்தில் தடித்த எழுத்து வேண்டுமாயின், அதற்கெனத் தனியே வார்த்த எழுத்துகளை மற்றோர் அறைப்பெட்டி நிறைய வாங்க வேண்டும். சிற்றூர் அச்சுக்கூடத்தார் ஒன்றிரண்டு அளவுகளில் மட்டும் வாங்கித் தலைப்புக்கும் திருமண அழைப்பில் மணமக்கள் பெயருக்கும் பயன்படுத்தினர். பொருட்செலவே கட்டுப்பாடாக இருந்தது. இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். தடித்த வடிவம் தனியே வரையப்படாத எழுத்தாயினும், கணிப்பொறி அதன் விளிம்பினைத் தானே வீங்கச் செய்து ஒரு பொய்த்தடிப்பினை உண்டாக்கிக் கொடுக்கும். மெய்யான தடித்த எழுத்தில் வரைவோன் உள்வெளியைக் காத்து, அகலத்தைக் கூட்டி, புள்ளியை விலக்கி வைக்கின்றான். பொய்த்தடிப்பு இவற்றுள் ஒன்றையும் செய்வதில்லை. நோட்டோ செரிப் தமிழ், பிரியா இரவிச்சந்திரன் வரைந்த கட்டுமரம் முதலிய எழுத்துக் குடும்பங்கள், மிக மெல்லியது தொடங்கி மிகத் தடித்தது ஈறாக ஒன்பது நிலைகள் உடையன. ஆங்கில எழுத்தில் நெடுநாளாக இருந்த இவ்வசதி தமிழுக்கும் வாய்த்தமை மகிழத்தக்கது. ஆயின் ஒன்பதாம் நிலை சுவரொட்டிக்கு உரியது, அடிக்குறிப்புக்கு உரியதன்று.

கல்வராயன்மலைப் பள்ளிகளை எண்ணும்போது இவ்வாராய்ச்சி வெறும் அழகியலாக நின்றுவிடுவதில்லை. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் ஜாகீர்தாரர் குடிகளின்கீழ் இருந்த அம்மலை, 1976-இல்தான் அரசின் நேர் ஆட்சிக்குள் வந்தது. அங்கு வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் பேசுவது தமிழே. எனினும், எழுத்தறிவு பல குடும்பங்களுக்குப் புதிதாக வாய்த்ததொன்று. அக்குழந்தை முதன்முதலில் காணும் ணகரத்திற்கும் னகரத்திற்கும் உள்ள வேறுபாட்டினை அதற்கு உணர்த்துவது ஆசிரியரின் வாய்ச்சொல்லும் புத்தகத்தின் வடிவமுமே. தொடக்கப் பாடநூலில் எழுத்துப் பெரிதாக இருத்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. கறுப்பாக இருத்தல் வேண்டும் என்பதற்கு ஏது இல்லை. மூன்று சுழியையும் குழந்தை விரல்வைத்து எண்ணுமாறு உள்வெளி திறந்திருத்தலும், புள்ளி தனித்து நிற்றலும், காலும் ரகரமும் அடியில் தெளிவாக வேறுபடுதலும், இரட்டைக் கொம்பின் மேற்சுழி அடையாதிருத்தலும் வேண்டும். இந்நான்கினையும் எழுத்து வகையைத் தேர்வோர் முதலிற் சோதித்துக்கொள்ளலாம்.

சேலத்தினின்றும் உளுந்தூர்ப்பேட்டை செல்லும் நெடுஞ்சாலையில் ஊர்ப்பெயர்கள் கரும்பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தாக நிற்கின்றன. இருண்ட தளத்தில் ஒளிரும் கோடு தன் உண்மைப் பருமையினும் மிகுதியாகத் தோன்றும். இரவில் ஊர்திவிளக்குப் பட்டபோது இன்னும் மிகும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்துக்கு அமைந்த தடிப்பினை அப்படியே அங்கு எடுத்துவைத்தால், ‘கள்ளக்குறிச்சி’யின் மூன்று புள்ளிகளும் ஒளியிற் கலந்துவிடும். ஆகவே அத்தகைய பலகைக்கு ஒரு நிலை குறைந்த தடிப்பும், ஒரு மடங்கு கூடிய எழுத்திடைவெளியும் கொள்ளுதல் வேண்டும்; புள்ளியை மட்டும் தலைக்கோட்டினின்றும் தன் விட்டத்தின் அளவேனும் உயர்த்தி அமைத்தல் வேண்டும்.